ரக்பி முன்னணியினரின் உழைப்பை அளத்தல்

தேரோட்டம் காணாத தமிழர் அரியர். தேர் வீதியில் அசைந்து வரும்போது எல்லோருடைய கண்களும் உச்சியிலுள்ள கலசத்தையும், மலர் அலங்காரத்தையும், உள்ளே வீற்றிருக்கும் திருவுருவத்தையுமே நாடும். சக்கரத்தின் அருகே குனிந்து, உரிய கணத்தில் கட்டையை இட்டு, தேரைத் திருப்பியும் நிறுத்தியும் வரும் மனிதரை நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும் அவர் கை ஒரு கணம் தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். ஆஸ்திரேலியாவில் பெருவழக்காக ஆடப்படும் ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தில் இவ்வாறு கட்டை போடும் வேலையைச் செய்வோர் முன்னணியினர் எனப்படுவர். அவர்களுடைய உழைப்பை எவ்வாறு அளப்பது, அவ்வளவைக் கொண்டு கற்பனை அணி ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

எங்கோ நடக்கும் ஆட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நான் பம்பாயில், இன்றைய மும்பையில், மாதுங்காவில் நெடுநாளாக வசிப்பவன். என் தமக்கை மகன் சிட்னி நகரின் மேற்கே வென்ட்வொர்த்வில் என்னும் பகுதியில் குடியேறியிருக்கிறான். தமிழர் பலர் வாழும் இடம் அது. அவனுக்கும் எனக்கும் இடையே பேசுவதற்குப் பொருள் குறைந்துகொண்டே வந்தது. 'நலமா?' என்று கேட்டபின் இருவரும் மௌனமாயிருந்த நாட்களும் உண்டு. அப்போதுதான் அவன் என்னைத் தன் நண்பர்களுடைய கற்பனை அணிப் போட்டியில் ஓர் உறுப்பினனாகச் சேர்த்தான். சனிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்கு நான் காப்பிக் குவளையுடன் அமரும்போது அங்கே மாலை ஆட்டம் தொடங்கியிருக்கும். பிறந்த ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றோர்க்கு, உறவினருடன் பேசுவதற்கு ஒரு பொதுப் பொருள் கிடைப்பது சிறிய பேறு அன்று.

ரக்பி என்ற பெயர் நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1873 இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு ரக்பி சங்கம் கண்டனர். சில ஆண்டுகளில் அது கலைந்தபோது, சங்கத்தின் கையிருப்பாயிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்வித்து இங்கிலாந்துக்கு அளித்தனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் கல்கத்தா கிண்ணத்துக்காகவே மோதுகின்றன. ஆனால் அது ரக்பி யூனியன் என்னும் பதினைவர் ஆட்டம். ரக்பி லீக் அதனின்றும் கிளைத்த வேறோர் ஆட்டம். கிளைத்ததற்குக் காரணம் உழைப்பும் கூலியுமே. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பாடுபட்ட ஆட்டக்காரர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நேரத்துக்குரிய கூலியை ஈடாகக் கேட்டனர். தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 ஆம் நாள் ஹட்டர்ஸ்பீல்ட் நகரத்து ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிச் சங்கங்கள் தனியே பிரிந்தன. 1906 இல் ஆட்டக்காரர் தொகை பதின்மூன்றாகக் குறைக்கப்பட்டது. 1908 இல் சிட்னியில் முதல் போட்டித் தொடர் நடைபெற்றது. உழைத்த நேரத்துக்கு மதிப்பு வேண்டும் என்ற வழக்கிலிருந்து பிறந்த ஆட்டத்தில், உழைப்பை அளக்கும் கலை ஓங்கி வளர்ந்தது பொருத்தமே அன்றோ?

ஆட்டத்தின் போக்கைச் சடுகுடு அறிந்தவர்க்கு எளிதில் விளக்கிவிடலாம். பந்தேந்தி ஓடிவருபவரை எதிரணியினர் பாய்ந்து மடக்கிப் பிடிக்கின்றனர். சடுகுடுவில் பிடிபட்டவர் வெளியேறுவார். இங்கே அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்டுவார். பின்னால் நிற்கும் தோழர் அதை எடுத்து வழங்க, ஆட்டம் தொடரும். இவ்வாறு ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு பிடிக்குப் பின்னும் தடுக்கும் அணியினர் பத்து மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். ஆட்ட நேரம் 80 நிமிடம்.

பதின்மூவரில் அறுவர் முன்னணியினர். 8, 10 என்னும் எண்களை அணிவோர் பிராப் எனப்படும் முட்டுத்தூண்கள். 9 ஆம் எண்ணுக்கு உரியவர் ஹூக்கர். 11, 12 இரண்டாம் வரிசையினர். 13 லாக் எனப்படுபவர். எஞ்சிய எழுவரும் பின்னணியினர். பின்னணியினர் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றிப் புகழ் பெறுகின்றனர். அவர்கள் ஓடுவதற்கு வெளி உண்டாக்கித் தருவோர் முன்னணியினர். ஆறு பிடிகளில் முதல் இரண்டு மூன்றையும் பெரும்பாலும் இவர்களே ஏற்கின்றனர். எதிரே பாறைபோல் வரும் மூவர் நால்வரை நெஞ்சால் முட்டி எட்டுப் பத்து மீட்டர் முன்னேறி விழுவதே அவர்கள் வேலை. பந்து எதிரணியிடம் சென்றதும் களத்தின் நடுவே நின்று அதே முட்டலைத் தாங்குவதும் அவர்கள் வேலைதான்.

இனிக் கற்பனை அணி என்பது யாது எனக் காண்போம். 1962 இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தைச் சேர்ந்த சில அன்பர்கள், தம் நாட்டுப் பந்தாட்டத்தை அடிப்படையாகக் கொண்டு இதற்கு ஒரு வடிவம் தந்தனர். ஒவ்வொருவரும் உண்மையான ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுத்துத் தாளில் ஓர் அணி அமைப்பார். களத்தில் அந்த ஆட்டக்காரர் செய்யும் செயல்கள் புள்ளிகளாக மாறி இவர் கணக்கில் சேரும். ஆஸ்திரேலிய ரக்பி லீகில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விலை குறிக்கப்படுகிறது. நமக்கு அளிக்கப்படும் கற்பனைப் பணத்தின் வரம்புக்குள் அணியை வாங்கி முடிக்க வேண்டும். ஆகவே சிறந்தவர் யார் என்பது மட்டும் வினா அன்று. கொடுக்கும் விலைக்கு மேல் தருபவர் யார் என்பதே வினா.

முதலாண்டில் நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்திச் சுருக்கங்களில் கண்ட வீரச் செயல்களை நம்பி, கோடு கடந்து பந்தை ஊன்றிய முன்னணியினர் மூவரைப் பெருவிலை கொடுத்து வாங்கினேன். அடுத்த ஆறு வாரங்களில் அம்மூவரும் ஒருமுறையேனும் கோட்டைக் கடக்கவில்லை. என் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. மருமகன் சிரித்துவிட்டு ஒன்று சொன்னான்: "மாமா, நீங்கள் பந்தைப் பார்க்கிறீர்கள். பந்து போன பிறகு முதலில் எழுந்து நிற்பவர் யார் என்று பாருங்கள்." அந்த ஒரு வாக்கியத்தில் இக்கலையின் பாதி அடங்கியிருக்கிறது.

புள்ளி வழங்கும் முறையை நோக்கினால் அவன் சொன்னதன் காரணம் விளங்கும். ஆஸ்திரேலிய ரக்பி லீகின் அதிகாரபூர்வமான கற்பனை ஆட்டத்தில் ஒரு பிடிக்கு 1 புள்ளி. பத்து மீட்டர் ஓட்டத்துக்கு 1 புள்ளி. கோடு கடந்து பந்தை ஊன்றினால் 4 புள்ளி. பிடியைத் தவறவிட்டால் 2 புள்ளி குறையும். பந்தைத் தவறவிட்டாலும் விதி மீறினாலும் அவ்வாறே. பந்தை ஊன்றுவது முன்னணியினருக்கு எப்போதோ வாய்க்கும் நல்லூழ். முப்பது பிடிகளோ வாரந்தோறும் வரும் வருவாய். முன்னது திருவிழாக் கடை. பின்னது மாதச் சம்பளம். குடும்பம் நடத்துபவர் எதை நம்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து மயங்கலாகாது. எவ்வளவு நேரம் களத்தில் நின்று அதை ஈட்டினார் என்று கேட்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். முதலாமவர் 80 நிமிடமும் ஆடி 40 பிடிகள் பிடித்து, 90 மீட்டர் ஓடி, இரண்டு பிழைகள் செய்கிறார். அவருக்கு 45 புள்ளி. இரண்டாமவர் 50 நிமிடம் ஆடி 30 பிடிகள் பிடித்து, 120 மீட்டர் ஓடி, ஒரு பிழை செய்கிறார். அவருக்கு 40 புள்ளி. மூன்றாமவர் மாற்றாட்டக்காரராக 30 நிமிடமே ஆடி 20 பிடிகளும் 80 மீட்டரும் பெறுகிறார். அவருக்கு 28 புள்ளி. மொத்தத்தில் முதலாமவர் பெரியவர். நிமிடக் கணக்கில் பார்த்தால் முதலாமவருக்கு 0.56, இரண்டாமவருக்கு 0.80; மூன்றாமவருக்கு 0.93. வரிசை தலைகீழாகிவிட்டது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். மூன்றாமவருக்கு 80 நிமிடம் கொடுத்தால் 74 புள்ளி வரும் என்று பெருக்கிவிடுகின்றனர். உடம்பு வாய்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. முப்பது நிமிடமே ஆட வேண்டும் என்று அறிந்தவர் இருக்கும் வலிமை முழுவதையும் அதற்குள் செலவிடுகிறார்; எண்பது நிமிடம் நிற்க வேண்டியவர் அளந்து செலவிடுகிறார். ஆகவே நேரம் கூடும்போது விகிதம் பெரும்பாலும் இறங்கும். மூன்றாமவருக்கு 50 நிமிடம் கிடைத்து, விகிதம் 0.80 ஆகத் தாழ்ந்ததாகக் கொள்வோம். அப்போதும் அவருக்கு 40 புள்ளி வரும். ஆனால் அவருடைய விலை 28 புள்ளிக்கு ஏற்ப நிறுக்கப்பட்டிருக்கும். விலை சராசரியைப் பின்தொடர்ந்து மெல்ல ஏறுமாதலால், ஏறும்முன் வாங்கியவருக்கு ஆதாயம். எனவே உழைப்பு விகிதம் உயர்ந்திருந்தும் நேரம் குறைந்திருந்த ஒருவருக்கு, நேரம் கூடப்போகும் தருணத்தை உணர்வதே தேர்வின் உயிர்நாடி.

அத்தருணம் எப்போது வரும்? மூத்தவர் ஒருவர் காயமுற்று விலகும்போது வரும். சங்கம் தன் பிராப் ஒருவரை வேற்றிடத்துக்கு விட்டுக்கொடுக்கும்போது வரும். நடுப்பருவத்தில் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆப் ஒரிஜின் என்னும் மூன்று ஆட்டத் தொடருக்குப் பெரிய முன்னணியினர் அழைக்கப்படும்போதும் வரும். 2023 இல் சங்கங்களின் தொகை பதினேழானபின், ஒற்றைப்படையான காரணத்தால் வாரந்தோறும் ஒரு சங்கமேனும் ஓய்ந்திருக்க நேர்ந்தது. அதையும் கணக்கில் வைத்து மாற்று ஆட்களை வாங்க வேண்டியதாயிற்று.

இடத்துக்கு இடம் உழைப்பின் தன்மையும் வேறுபடும். ஹூக்கர் பந்தேந்தி ஓடுவது குறைவு. ஆனால் நடுக்களத்தில் நின்று நாற்பதுக்கும் மேற்பட்ட பிடிகளைப் பிடிப்பது அவருக்கு வழக்கமான வேலை. மெல்போர்ன் ஸ்டார்ம் சங்கத்தின் கேமரன் ஸ்மித் 2002 முதல் 2020 வரை 430 ஆட்டங்கள், பெரும்பாலும் இவ்விடத்தில் நின்று, ஆடியவர். பேருடல் படைத்தவர் அல்லர். அளந்து செலவிடும் கலையில் வல்லவர். பிராப்கள் உடல் எடை மிக்கவராதலால் பெரும்பாலும் இரு தவணைகளாக ஐம்பது நிமிடமளவில் ஆடுவர். அவ்விடத்தில் நெடுநேரம் நிற்கவல்ல ஒருவர் கிடைத்தால் அவர் பொன் போன்றவர். 2019 இல் சிறந்த புதுமுகத்துக்குரிய டாலி எம் விருது பெற்ற பெய்ன் ஹாஸ் அத்தகையவர். லாக் என்பார் ஓட்டமும் பிடியும் கலந்தவர். 2016 இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்ட ஜேசன் டாமலோலோ இவ்விடத்துக்கு இலக்கணம் வகுத்தார் எனலாம். இரண்டாம் வரிசையினர் களத்தின் ஓரங்களில் நின்று பெரும்பாலும் 80 நிமிடமும் ஆடுவர். அவர்களுக்குப் பிடிகள் குறைவு, கோடு கடக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஓரத்தாரின் புள்ளி வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். நடுக்களத்தாரின் புள்ளி சீராக வரும்.

விதிகளின் மாற்றத்தையும் மறக்கலாகாது. ஆட்டத்திடையே ஆள் மாற்றும் தடவைகள் 2016 இல் பத்திலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டன. களைத்தவரை வெளியே அழைக்கும் வாய்ப்புச் சுருங்கியது. 2020 இல் இன்னொரு மாற்றம் வந்தது. பிடிபட்டவரை எழவிடாமல் அழுத்தி வைப்பது போன்ற குற்றங்களுக்கு முன்பு ஆட்டத்தை நிறுத்தித் தண்டனை உதை தருவர். முன்னணியினர் அச்சமயம் மூச்சு வாங்கிக்கொள்வர். அவ்வாண்டின் புதிய முறையில் ஆட்டம் நிற்கவில்லை. பிடிக்கணக்கு மட்டும் மறுபடி ஆறிலிருந்து தொடங்கியது. மூச்சு வாங்கும் இடைவெளி போயிற்று. இத்தகைய மாற்றங்கள் வரும்போது, எடையால் மட்டும் பயன்பட்டவர் மதிப்புக் குறைந்து, எடையோடு தாங்கும் ஆற்றலும் உள்ளவர் மதிப்பு உயர்கிறது. பழைய ஆண்டின் எண்களை அப்படியே நம்புவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

ஓர் அணியின் நிலையும் எண்ணைத் திரிக்கும். தோற்கும் அணியிடம் பந்து நில்லாது. ஆகவே அதன் நடுக்களத்தார் ஓயாமல் பிடிக்க வேண்டியிருக்கும். ஐம்பது பிடிகள் பிடித்தவரெல்லாம் பேருழைப்பாளி என்று கொள்ளலாகாது. அவருக்கு வேறு வழியில்லாமல் இருந்திருக்கலாம். மேலும் ஒருவரைப் பலர் சேர்ந்து மடக்கும்போது, முதலில் பாய்ந்து தாங்கியவருக்கும் பின்னர் வந்து கை வைத்தவருக்கும் ஒரே புள்ளி ஏறக்கூடும்.

இனி, எந்தப் பட்டியலிலும் ஏறாத உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிரணியினர் ஓர் ஆட்டத்தில் நூறு முறை பிடிபட்டால், தடுப்பவர் நூறு முறை பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் தூரம் பின்னோக்கிய ஓட்டம். அதுவும் முட்டலுக்கும் முட்டலுக்கும் இடையே. இதற்குப் புள்ளி இல்லை. பந்து தமக்கு வாராது என்று அறிந்தும், வருவதுபோல் முழு வேகத்தில் ஓடி எதிரியை ஈர்ப்பவருக்குப் புள்ளி இல்லை. உதைத்த பந்தைத் துரத்திக் களம் முழுவதும் ஓடுபவருக்கும் புள்ளி இல்லை. ஆனால் பயிற்சியாளர் இவற்றைக் காண்கிறார். ஆட்டக்காரரின் தோள்களுக்கு இடையே செருகப்படும் சிறு கருவி அவர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் குறித்துத் தருகிறது. இந்த உழைப்பைச் செய்பவரையே பயிற்சியாளர் களத்தில் நெடுநேரம் வைத்திருப்பார். ஆகவே புள்ளியில்லாத வேலையும் நிமிடங்களாக மாறி, நிமிடங்கள் வாயிலாகப் புள்ளியாகவே திரும்பி வருகிறது. பந்து போன பிறகு எழுந்து நிற்பவரைப் பார் என்று மருமகன் சொன்னதன் மறுபாதி இதுதான்.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. மோதலில் தலையதிர்ச்சி உற்றவர் குறைந்தது பதினொரு நாள் ஆடாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற பொது விதி 2023 இல் கொண்டுவரப்பட்டது. அவ்வாறு ஒருவர் களத்தை விட்டு அழைத்துச் செல்லப்படும்போது, கற்பனை அணி வைத்திருப்பவர் மனத்தில் முதலில் எழுவது 'என் புள்ளி போயிற்றே' என்ற எண்ணமானால், அவர் ஆட்டத்தைப் பார்க்கத் தகுதியற்றவர் என்றே கருதுகிறேன். நானும் ஒருமுறை அவ்வாறு எண்ணினேன், எண்ணியதற்கு நாணினேன். நாம் வாங்கி விற்பது எண்களை. அங்கே விழுந்து எழுவது மனிதர்.

பணம் வைத்து ஆடுவது பற்றியும் ஒரு சொல். இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை தேடி வெளியூர் வந்த இளைஞர் பலர் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை இத்தகைய ஆட்டங்களில் இழந்ததை நாம் அறிவோம். நான் சொல்லும் ஆட்டம் காசில்லாமல் ஆடுவது. அதில் வெல்பவருக்குக் கிடைப்பது உறவினரை ஒரு வாரம் கேலி செய்யும் உரிமை மட்டுமே. அது போதும்.

முடிவாக ஒருவரைக் குறிப்பிட விரும்புகிறேன். பாரமட்டா சங்கத்தின் நேதன் ஹிண்ட்மார்ஷ் இரண்டாம் வரிசையில் நின்று, 1998 முதல் 2012 வரை 330 ஆட்டங்கள் ஆடினார். இப்போட்டியில் பத்தாயிரம் பிடிகளை எட்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. 2001 இலும் 2009 இலும் அவருடைய அணி இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. கோப்பையை ஒருமுறையேனும் கையில் ஏந்தாமலே அவர் ஓய்வு பெற்றார். அவர் விடைபெற்ற ஆண்டில் அணி பட்டியலின் கடைசியில் இருந்தது. ஆயினும் மேற்குச் சிட்னியில் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலராதவர் இல்லை என்று மருமகன் கூறுகிறான்.

ஆகவே முன்னணியினர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும்முன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் களத்தில் நிற்கிறார்? நிமிடத்துக்கு எவ்வளவு தருகிறார்? அந்நேரம் கூடுமா, குறையுமா? அவர் விலை நேற்றைய உழைப்புக்கு உரியதா, நாளைய உழைப்புக்கு உரியதா? இந்நான்குக்கும் விடை கண்டபின், ஒரு முழு ஆட்டத்தைப் பந்தைப் பாராமல் அவரை மட்டும் பாருங்கள். எழுபதாவது நிமிடத்தில், தன் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது, விழுந்த இடத்திலிருந்து எழுந்து பத்து மீட்டர் பின்வாங்கி மறுபடி வரிசையில் வந்து நிற்கிறாரா என்று பாருங்கள். நிற்பவராயின் தயங்காமல் வாங்குங்கள்.